உடையும் உரிமையும்: அமீலியா புளூமர் அம்மையார்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உடையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று செயலாளரிடம் சொன்னேன். "ஃபேஷனைப் பத்தியா?" என்று கேட்டார். "இல்லீங்க, உரிமையைப் பத்தி" என்றேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களும் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லத்தான் ஒரு அம்மையாரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். அவர் பெயர் அமீலியா புளூமர். அமெரிக்காக்காரர். 1818-ல் பிறந்து 1894-ல் மறைந்தவர்.

பெயரைக் கேட்டதும் மூத்தவர்கள் சிலர் சிரிக்கிறீர்கள். காரணம் புரிகிறது. ஒரு காலத்தில் நம்ம ஊர்த் துணிக்கடையிலும் 'ப்ளூமர்' என்று ஒரு உள்ளாடை விற்றார்கள். அந்தப் பெயர் ஒரு பெண்மணியின் பெயர் என்று வாங்கியவர்களுக்கும் தெரியாது, விற்றவர்களுக்கும் தெரியாது. அவர் பத்திரிகை ஆசிரியை. மதுவிலக்குப் பிரசாரகர். பெண்ணுக்கு ஓட்டு வேண்டும் என்று சட்டசபைக்கே போய்ப் பேசியவர். இத்தனையையும் உலகம் மறந்துவிட்டது. அவர் கண்டுபிடிக்காத ஒரு உடைக்கு அவர் பெயரை வைத்து, அதை மட்டும் நினைவில் வைத்துக் கொண்டது. ஏன் இப்படி ஆயிற்று? இதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

பத்திரிகைதான் முதலில்

நியூயார்க் மாநிலத்தில் ஹோமர் என்ற சிற்றூரில் பிறந்தவர் அமீலியா. பெரிய படிப்பு கிடையாது. 17 வயதில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனார். பிறகு ஒரு வீட்டில் தங்கிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் வேலை. 1840-ல் டெக்ஸ்டர் புளூமர் என்ற வழக்கறிஞரை மணந்தார். அந்நாளில் கிறிஸ்தவத் திருமணத்தில் மணமகள் "கணவனுக்குக் கீழ்ப்படிவேன்" என்று உறுதிமொழி சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டுத்தான் இவர்கள் திருமணம் நடந்தது. கணவரும் அதற்கு இசைந்தார் என்பதைக் கவனியுங்கள்.

கணவனும் மனைவியும் குடியிருந்த ஊர் செனிகா ஃபால்ஸ். 1848 ஜூலையில் அந்த ஊரில்தான் அமெரிக்காவின் புகழ்பெற்ற முதல் பெண்ணுரிமை மாநாடு கூடியது. 68 பெண்களும் 32 ஆண்களும் அதன் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அமீலியா போனார், பார்த்தார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. அப்போது அவர் மனம் முழுவதும் மதுவிலக்கில் இருந்தது.

குடிக்கிற கணவன், குடும்பத்தைச் சுமக்கிற மனைவி என்ற கதையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே நிலைமை இன்னும் மோசம். மணமான பெண்ணுக்குச் சட்டப்படி தனியே சொத்து கிடையாது. அவள் சம்பாதித்த கூலியும் கணவனுடையதுதான். அவன் குடித்து அழித்தால் கேட்க வழியில்லை. நியூயார்க் மாநிலத்தில் 1848-ல் வந்த ஒரு சட்டம் மனைவியின் சொத்தை ஓரளவு காப்பாற்றியது. அவள் கூலி அவளுக்கே என்று ஆனது 1860-ல்தான்.

1849 ஜனவரியில் 'லில்லி' என்ற பத்திரிகை தொடங்கியது. ஊரிலிருந்த பெண்கள் மதுவிலக்குச் சங்கம் நடத்துவதாக இருந்தது. பாதியிலேயே சங்கம் பின்வாங்கிவிட்டது. சந்தா வாங்கியாயிற்றே, வாக்குக் கொடுத்தாயிற்றே என்று அமீலியா தனியாளாக அதைத் தூக்கிச் சுமந்தார். எழுதுவது, அச்சகத்துக்குப் போவது, தபாலில் அனுப்புவது எல்லாம் அவர்தான். பெண் ஒருத்தியே ஆசிரியராகவும் உரிமையாளராகவும் இருந்து, பெண்களுக்காக நடத்திய முதல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒன்று என்று வரலாற்றாசிரியர்கள் அதைச் சொல்கிறார்கள். அதே ஆண்டில் கணவர் போஸ்ட்மாஸ்டர் ஆனதும், இவர் துணைப் போஸ்ட்மாஸ்டராகப் பொறுப்பேற்றார். தபாலாபீஸை ஒட்டிய அறை ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் இடமாயிற்று.

அதே ஊரில் வாழ்ந்தவர் எலிசபெத் கேடி ஸ்டாண்டன். 1848 மாநாட்டைக் கூட்டியவர்களில் ஒருவர். 'சூரியகாந்தி' என்ற புனைபெயரில் லில்லியில் எழுதத் தொடங்கினார். அவர் எழுத எழுத, மதுவிலக்குப் பத்திரிகை பெண்ணுரிமைப் பத்திரிகையாக மாறியது. கூடவே அதன் ஆசிரியையும் மாறினார். 1851-ல் சூசன் பி. ஆண்டனி என்ற இளம் ஆசிரியை அந்த ஊருக்கு வந்தபோது, தெருவில் நின்றபடியே அவரை ஸ்டாண்டனுக்கு அறிமுகம் செய்து வைத்தவரும் அமீலியாதான். அந்த இருவரும் பிறகு அரை நூற்றாண்டு சேர்ந்து உழைத்தார்கள். மூவரும் நிற்கும் சிலை ஒன்று 1998-ல் செனிகா ஃபால்ஸில் வைக்கப்பட்டது.

உடை வந்த கதை

இனி உடைக்கு வருவோம். அன்றைய அமெரிக்கப் பெண் என்ன உடுத்தினாள்? உள்ளே கார்செட். திமிங்கிலத்தின் தாடைப் பட்டைகளை வைத்துத் தைத்து, முதுகுப்பக்கம் கயிறு போட்டு இறுக்கிக் கட்டும் கச்சு. மூச்சைக் கூடச் சரியாக இழுத்து விட முடியாது. அதன்மேல் ஐந்தாறு உள்பாவாடைகள். எல்லாவற்றுக்கும் மேலே தரையைக் கூட்டிக்கொண்டு போகும் நீளப் பாவாடை. மொத்த எடை சில சமயம் 5, 6 கிலோ. இடுப்பில் ஒரு அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து ராத்திரிவரை வீட்டு வேலை பார்ப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பாவாடை சேற்றில் தோய்ந்து வரும். அதையும் அவளேதான் துவைக்க வேண்டும்.

அடுப்பும் விளக்கும் நெருப்பாக எரிந்த வீடுகள் அவை. லாங்ஃபெலோ என்ற கவிஞரை ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் அறிவீர்கள். அவருடைய மனைவி ஃபேனி 1861 ஜூலையில் உடையில் தீப்பற்றி இறந்தார். இப்படி எத்தனையோ வீடுகளில் நடந்தது.

1851-ன் தொடக்கத்தில் ஸ்டாண்டனின் ஒன்றுவிட்ட சகோதரி எலிசபெத் ஸ்மித் மில்லர் செனிகா ஃபால்ஸுக்கு வந்தார். தோட்ட வேலைக்கு நீளப் பாவாடை ஒத்துவரவில்லை என்று அவர் தமக்காகவே ஒரு உடையைத் தைத்துக் கொண்டிருந்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் குட்டைப் பாவாடை. அதன்கீழே கணுக்காலில் சேர்ந்து நிற்கும் தொளதொளப்பான கால்சட்டை. நம் சல்வார் கமீஸை மனசில் நினைத்துக் கொண்டால் ஏறக்குறைய அதுதான். அவர்களே அதைத் 'துருக்கிக் கால்சட்டை' என்றுதான் சொன்னார்கள். கீழைநாட்டுப் பெண்கள் காலங்காலமாக உடுத்திய, உடம்பு முழுவதையும் மூடுகிற ஒரு உடை, மேல்நாட்டுக்குப் போனதும் 'அடக்கமில்லாத உடை' ஆகிவிட்டது பாருங்கள்!

ஸ்டாண்டன் பிற்காலத்தில் தம் நினைவுகளில் ஒரு காட்சியை எழுதியிருக்கிறார். மில்லர் ஒரு கையில் விளக்கும் மறு கையில் குழந்தையுமாக மாடிப்படியில் சிரமமில்லாமல் ஏறிப் போகிறார். ஸ்டாண்டனோ பாவாடையோடு போராடித் தம்மையே மேலே இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. விளக்கையும் குழந்தையையும் எங்கே தூக்குவது? அப்போது அவருக்கு நான்கு பிள்ளைகள், கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. அந்தப் படிக்கட்டிலேயே அவர் முடிவு செய்துவிட்டார். சில நாளில் அவரும் அந்த உடைக்கு மாறினார்.

அமீலியா இதற்குள் வந்த விதம் வேடிக்கையானது. உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், பெண்ணுரிமைக்கு எதிரானவர், ஏனோ ஒருநாள் பெண்கள் துருக்கிக் கால்சட்டை அணிவது நல்லது என்று எழுதிவிட்டார். "ஓட்டுக் கூடாது என்கிறவர் கால்சட்டை தருகிறாரே!" என்ற தோரணையில் லில்லியில் அவரைச் செல்லமாகக் குத்தினார் அமீலியா. வாதம் வளர்ந்தது. "இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் போடுவீர்களா?" என்ற கேள்வி எழுந்ததும், பத்திரிகையில் உபதேசம் செய்துவிட்டு வீட்டில் பழைய உடையில் இருப்பது முறையல்ல என்று தாமும் போட்டுக் கொண்டார். போட்டதை லில்லியில் அறிவித்தார். அவ்வளவுதான் அவர் செய்தது.

நியூயார்க் நகரத்துப் பெரிய பத்திரிகை அந்தச் செய்தியை எடுத்துப் போட்டது. மற்றவை அதைப் பார்த்துப் போட்டன. "தையல் அளவு அனுப்புங்கள்" என்று நாடெங்கும் இருந்து பெண்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. மாதம் 500 பிரதி போன லில்லி 4000 பிரதிக்கு ஏறியது என்று கணக்குச் சொல்கிறார்கள். "இந்த உடையை உண்டாக்கியது நானல்ல, மில்லர் அம்மையார்" என்று அமீலியா திரும்பத் திரும்ப எழுதினார். யார் கேட்டார்கள்? பத்திரிகைக்காரர்களுக்கு வாயில் நுழைகிற பெயர் ஒன்று கிடைத்துவிட்டது. உடைக்குப் 'புளூமர்' என்று பெயராயிற்று.

ஏளனம் என்ற ஆயுதம்

முதலில் வேடிக்கை, பிறகு கேலி, அப்புறம் வசவு. கடலுக்கு அப்பால் லண்டனில் 'பஞ்ச்' பத்திரிகை படம் படமாக வரைந்து தள்ளியது. புளூமர் அணிந்த பெண் சுருட்டுப் பிடிக்கிறாள், ஆணிடம் போய்த் திருமணம் கேட்கிறாள், கணவன் வீட்டில் குழந்தையைப் பார்த்துக் கொள்கிறான். கவனித்தீர்களா? அந்தப் படங்கள் எதிலும் துணியைப் பற்றிய விமரிசனம் இல்லை. உடை மாறினால் அதிகாரம் மாறிவிடுமோ என்ற பயம்தான் இருந்தது. கேலி செய்தவர்களுக்கு விஷயம் நன்றாகவே புரிந்திருந்தது என்பேன்.

தெருவில் பையன்கள் பின்னாலேயே பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். ஸ்டாண்டனின் தந்தை நீதிபதி. இந்த உடையோடு என் வீட்டுப் பக்கம் வராதே என்றார். வெளியூரில் தங்கிப் படித்த மகன், பள்ளிக்கு வரும்போது அதைப் போட்டுக்கொண்டு வராதே அம்மா என்று கேட்டுக் கொண்டான். தாய் அவனுக்கு எழுதிய பதில் அருமையானது. நாம் இருவரும் வயல்வெளியில் நடந்து போகிறோம், ஒரு காளைமாடு நம்மைத் துரத்துகிறது என்று வைத்துக்கொள், மூன்று நீளப் பாவாடைகளோடு நான் எப்படி ஓடுவேன் என்று கேட்டிருந்தார். ஆனாலும் பாருங்கள், வாதத்தில் ஜெயிக்கலாம். பிள்ளை முகத்தில் வரும் வெட்கத்தை எந்த வாதத்தால் துடைப்பது? இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஸ்டாண்டன் பழைய உடைக்குத் திரும்பினார்.

சூசன் ஆண்டனி இன்னும் சிரமப்பட்டார். ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர். உடம்புக்கு அந்த உடை சுகமாக இருந்தது, மனசுக்குத்தான் சித்திரவதை என்று பின்னாளில் சொன்னார். மேடையில் நின்று ஓட்டுரிமையைப் பற்றிப் பேசினால், கூட்டம் காதைக் கொடுக்காமல் கண்ணை மட்டும் அவர் கால்மேல் வைத்திருந்தது. ஒரு நேரத்தில் ஒரு சீர்திருத்தத்தைத்தான் தூக்க முடியும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1854-ல் அவரும் விட்டுவிட்டார்.

விட்டது தோல்வியா?

இந்த இடத்தில்தான் ஒரு பெரிய விவாதம் எழுந்தது. மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.

மில்லரின் தந்தை ஜெரிட் ஸ்மித். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், அடிமை ஒழிப்புக்குத் தம் செல்வத்தை வாரி வழங்கியவர், பெண்ணுரிமையின் நண்பர். 1855 டிசம்பரில் அவர் ஸ்டாண்டனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். இந்த உடையை அணிந்துகொண்டு பெண் தன் காலில் நிற்க முடியாது, உழைத்துப் பிழைக்க முடியாது. உடையை மாற்றத் துணியாதவர்கள் உரிமையை எப்படி வெல்வீர்கள் என்பது அவர் கேள்வி. நியாயமாகத்தான் படுகிறது, இல்லீங்களா?

ஸ்டாண்டனின் பதில் சுருக்கென்று இருந்தது. தென் மாநிலங்களின் அடிமை ஆணும் கால்சட்டைதான் அணிகிறான். கை காலை வீசி நடக்க அவன் உடை தடையாக இல்லை. ஆனாலும் அவன் அடிமைதானே? கால்சட்டை அவனுக்கு விடுதலை தரவில்லையே, எங்களுக்கு மட்டும் எப்படித் தரும்? இதுதான் அதன் சாரம். சட்டமும் கூலியும் ஓட்டும் மாறினால் உடை தானே மாறும் என்பது அவர் கட்சி.

யார் சொன்னது சரி? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். இரண்டு பேரும் பாதி சரி. தடுக்கி விழ வைக்கிற உடையில் இருக்கிறவள் வெகுதூரம் நடக்க மாட்டாள் என்பது உண்மை. ஆனால் ஸ்மித் ஒன்றை மறந்துவிட்டார். அந்த உடைக்கு விலை கொடுத்தது அவரல்ல. தெருவில் கல்லும் சொல்லும் பட்டது பெண்கள். "நீ துணிந்து போடு" என்று ஆண் சொல்வது சுலபம். "போடாதே" என்று சொல்வதும் சுலபம். இரண்டையும் சொல்கிறவர் பாவாடைக்குள் இல்லை.

ஆகவே அவர்கள் உடையை விட்டதை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். கையில் இருப்பது ஒரே குரல். அதைக் கால்சட்டைக்குச் செலவழிப்பதா, ஓட்டுக்குச் செலவழிப்பதா என்று கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கணக்குப் பார்க்க வேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளியவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

அமீலியா எல்லோரையும்விட அதிக நாள் தாக்குப்பிடித்தவர்களில் ஒருவர். 1853-ன் இறுதியில் கணவரோடு ஒஹையோ மாநிலத்தின் மவுண்ட் வெர்னனுக்குப் போனார். லில்லி அங்கே அச்சானது. அச்சுக் கோக்கும் வேலைக்கு ஒரு பெண்ணை எடுத்தார். அவ்வளவுதான், பெண்ணோடு சேர்ந்து வேலை செய்ய மாட்டோம் என்று ஆண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புளூமர் தம்பதி பணியவில்லை. நின்றவர்களை அனுப்பிவிட்டு இன்னும் பெண்களைச் சேர்த்தார்கள். கூலியும் ஆணுக்குக் கொடுத்ததையே கொடுத்தார்கள். கால்சட்டையைவிடப் பெரிய புரட்சி இது என்பது என் எண்ணம். ஆனால் இதைப் பற்றி எந்தக் கேலிப்படமும் வரவில்லை, ஆகவே யாருக்கும் நினைவில்லை.

1855-ல் இன்னும் மேற்கே, அயோவாவின் கவுன்சில் பிளஃப்ஸ் ஊருக்குக் குடிபோனார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த நெப்ராஸ்கா சட்டசபையில் பெண்களின் ஓட்டுரிமைக்காக அமீலியா பேசினார். கீழவையில் 14-க்கு 11 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது! மேலவையில் ஓட்டெடுப்புக்கு வருமுன் கூட்டத்தொடர் முடிந்துவிட்டது. 1871-ல் அயோவா பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் தலைவரானார்.

அந்த ஊர்ச் சமவெளிக் காற்றில் குட்டைப் பாவாடை தலைக்குமேல் பறந்தது என்று அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். 1856 வாக்கில் எஃகு வளையம் வைத்த கிரினோலின் கூடு வந்தது. கனமான உள்பாவாடைகள் தேவைப்படாமல் போயின. அந்தப் பத்தாண்டின் கடைசியில் அவரும் பழைய உடைக்குத் திரும்பினார். படிப்பு, வேலை, கூலி, ஓட்டு என்ற பெரிய கேள்விகளிலிருந்து ஜனங்களின் கவனத்தை உடை திருப்பிவிடுகிறது என்பதும் அவர் சொன்ன காரணம்.

விடாதவர்களும் உண்டு

எல்லோரும் விடவில்லை. 1856-ல் உடைச் சீர்திருத்தத்துக்கென்றே ஒரு தேசியச் சங்கம் தோன்றியது. அதன் தலைவராக 1866-ல் வந்தவர் டாக்டர் மேரி வாக்கர். 1855-ல் மருத்துவப் பட்டம் பெற்றவர். உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். எதிரிகளிடம் பிடிபட்டு 1864-ல் நான்கு மாதம் சிறையிருந்தவர். போருக்குப் பின் 1865-ல் அந்நாட்டின் உயரிய படைவீரர் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. இன்றுவரை அதைப் பெற்ற ஒரே பெண் அவர்தான்.

அவர் முதலில் குட்டைப் பாவாடையும் கால்சட்டையும், பிறகு முழு ஆண் உடையும் அணிந்தார். அதற்காகப் பலமுறை போலீஸ் கைது செய்தது. போர்க்களத்தில் ரத்தத்துக்கு நடுவே வேலை பார்த்தபோது யாரும் குறை சொல்லவில்லை. கடைத்தெருவில் நடந்தபோதுதான் குற்றமாயிற்று. "நான் அணிவது ஆண் உடையல்ல, என் உடை" என்பது அவர் நிலை. 1917-ல் விதிமுறையைக் காட்டி அரசாங்கம் பதக்கத்தைத் திரும்பக் கேட்டது. கொடுக்க மறுத்துக் கடைசிவரை குத்திக்கொண்டே திரிந்தார். 1919-ல் இறந்தார். 1977-ல் பதக்கம் மறுபடி அவர் பெயரில் சேர்ந்தது. 2024-ல் அவர் உருவம் பொறித்த நாணயமும் வெளிவந்தது.

இங்கிலாந்தில் 1881-ல் ஹார்பர்ட்டன் சீமாட்டியின் முயற்சியால் 'பகுத்தறிவு உடைச் சங்கம்' தொடங்கியது. பெண்ணின் உள்ளாடைகளின் மொத்த எடை 7 பவுண்டுக்கு, அதாவது சுமார் 3 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. 3 கிலோ என்பதே 'குறைத்த' எடை என்றால் முன்பு எவ்வளவு இருந்திருக்கும், யோசித்துக் கொள்ளுங்கள்.

சைக்கிள் வந்தது

கடைசியில் வழி திறந்தது பிரசங்கத்தால் அல்ல, சைக்கிளால். 1885-ல் இரண்டு சக்கரமும் ஒரே அளவான, சங்கிலி போட்ட 'சேஃப்டி' சைக்கிள் இங்கிலாந்தில் வந்தது. பத்தாண்டுக்குள் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஏறி மிதித்தார்கள். நீளப் பாவாடை சங்கிலியில் மாட்டியது. நாற்பது ஆண்டுக்கு முன் சிரித்து ஒதுக்கிய அதே கால்சட்டையை, அதே 'புளூமர்' பெயரோடு, பெண்கள் தையற்காரரிடம் கேட்டு வாங்கினார்கள். பெண் விடுதலைக்கு உலகில் வேறெதையும்விட சைக்கிள் அதிகம் செய்திருக்கிறது என்று 1896-ல் சூசன் ஆண்டனி பேட்டி கொடுத்தார். உடையால் தம் பேச்சே கேட்கப்படாமல் போன அந்த அம்மையாருக்கு அப்போது வயது 75!

அப்போதும் கதவு லேசில் திறக்கவில்லை. 1898-ல் ஹார்பர்ட்டன் சீமாட்டி சைக்கிளில் போய் ஒரு விடுதியில் இறங்கினார். கால்சட்டையோடு வந்ததால் பெண்கள் உட்காரும் அறையில் இடம் தர மாட்டேன் என்று நடத்துபவர் சொல்லிவிட்டார். சைக்கிள் பயணிகள் சங்கம் அடுத்த ஆண்டு வழக்குப் போட்டது. வேறு அறையில் உணவு தர முன்வந்தார்களே என்று வழக்குத் தள்ளுபடியானது.

பாரிஸில் இன்னும் வேடிக்கை. பெண் கால்சட்டை அணிய வேண்டுமானால் போலீஸ் அனுமதி வேண்டும் என்று 1800-ல் ஒரு உத்தரவு. 1892-லும் 1909-லும் சிறு சலுகை கொடுத்தார்கள். கையில் குதிரையின் கடிவாளமோ சைக்கிளின் கைப்பிடியோ இருந்தால் கால்சட்டை போடலாம்! அந்த உத்தரவு இனிச் செல்லாது என்று அரசாங்கம் வாய்விட்டுச் சொன்னது 2013-ல். அமெரிக்க செனட் சபையில் பெண் உறுப்பினர்கள் பேன்ட் அணிந்து வந்தது எப்போது தெரியுமா? 1993-ல். அதுவும் இரண்டு பேர் எழுதப்படாத விதியைத் துணிந்து மீறிய பிறகுதான்.

ஆக, அமீலியாவும் அவர் தோழியரும் 1850-களில் விட்ட உடை, பெண்கள் ஓட்டு வாங்கிய 1920-க்குப் பிறகும் வழக்காடிக் கொண்டுதான் இருந்தது. ஸ்டாண்டன் சொன்னபடி உரிமை வந்தவுடன் உடை தானாக மாறிவிடவில்லை. ஸ்மித் சொன்னபடி உடையால் உரிமை வரவும் இல்லை. பெண் வெளியே போனாள், வேலை செய்தாள், வண்டி ஓட்டினாள். அந்த வாழ்க்கைக்கு எது தேவையோ அதை உடுத்தினாள். தடுத்தவர்கள் அலுத்துப்போய் வழிவிட்டார்கள்.

நமக்கு

முன்னாள் மாணவர்களில் இன்று நிர்வாகத்தில் இருப்பவர்கள், பள்ளி கல்லூரி நடத்துபவர்கள், தொழிற்சாலை அலுவலகம் வைத்திருப்பவர்கள் பலர். அறிவிப்புப் பலகையில் உடைவிதி எழுதி ஒட்டும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள். விதியை எழுதுமுன், அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போகிறவரை, லேபில் நிற்கப் போகிறவரை, இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்யப் போகிறவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். "பார்க்க நல்லா இருக்கா?" என்ற கேள்வி அப்புறம் வரட்டும். "இதோட படி ஏற முடியுதாம்மா?" என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

மாணவ மாணவியருக்கு இரண்டு வார்த்தை. ஒருத்தர் சொல்லும் கருத்துக்குப் பதில் இல்லாதபோதுதான் மனிதர்கள் அவருடைய உடையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அதைக் கண்டுகொள்ளப் பழகுங்கள். உங்கள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேள்வி கேட்கும்போது, பின்பெஞ்சில் அவள் உடையைப் பற்றிக் கிசுகிசு எழுந்தால், அந்த நேரத்தில் அங்கே 'பஞ்ச்' பத்திரிகை அச்சாகிக் கொண்டிருக்கிறது என்று தெரிந்து கொள்ளுங்கள். தம்பிகளே, அந்தக் கேலியை நிறுத்தும் வேலை உங்களுடையது. அதை அந்தப் பெண் தலையில் கட்டாதீர்கள். டெக்ஸ்டர் புளூமர் மனைவிக்காகத் தம் அச்சகத்து ஆட்களையே எதிர்த்து நின்றவர். அவர் பெயரில் எந்த உடையும் இல்லை என்றாலும் அவரையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, ஒரு கையெழுத்துப் பத்திரிகையாவது தொடங்குங்கள். நம் கல்லூரியின் சுவரில் இடம் இருக்கிறது. அமீலியா அதிகம் படித்தவரல்லர், மாநாட்டில் கையெழுத்துக்கூடப் போடாதவர். லில்லிக்கு எழுதி எழுதித்தான் அவர் தெளிந்தார். தம் பத்திரிகை தம்மையே மாற்றுவதற்கு அவர் இடம் கொடுத்தார். அவரிடம் நான் வியப்பது அதைத்தான். உடை அவருக்கு இடையில் வந்தது, இடையில் போயிற்று. பேனாவை அவர் கீழே வைக்கவில்லை.